பள்ளத்தில் கிடந்தவன் சொன்னது

சந்திரனுக்குப் போகும் அந்தப் படத்துக்கு நான்தான் குரல் கொடுத்தேன். படம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை தமிழ் படித்தேன். பிறகு பால்மரம், துறைமுகத்தில் மூட்டை, ஜொகூர் பக்கம் ஒரு மரப்பட்டறை என்று எங்கும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் நிற்காமல் சுற்றிவிட்டு, நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷக் கடைசியில் மலாக்காவில் ஒரு தைலக்கார பாயின் வேனில் ஏறிக்கொண்டேன். வேனில் படுக்க இடம் இருந்தது. ஒரு வேளைச் சோறும் உண்டு. அதனால் ஏறினேன்.

பாய்க்கு டவுனில் பரம்பரைக் கடை. தலைவலித் தைலத்தை விற்பதற்காக ஊர் ஊராகப் போய் இலவசமாகப் படம் காட்டுவார். இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி, ஒரு பழைய மெஷின், ஒரு ஜெனரேட்டர், குழாய் ஸ்பீக்கர். ரீல் மாற்றும் நேரத்தில் நான் மைக்கில் தைலத்தைப் பற்றிப் பேச வேண்டும். ரீல் ஓடும்போது கதை சொல்ல வேண்டும். படத்தில் யார் வாயைத் திறந்தாலும் அவனுக்காக நான் பேச வேண்டும்.

படத்தைச் சிங்கப்பூரில் வாங்கும்போது பாய் ஒருமுறை பார்த்திருக்கிறார். வேன் ஓட்டிக்கொண்டே கதையைச் சொன்னார். மூன்று வெள்ளைக்காரர்கள் ராக்கெட்டில் சந்திரனுக்குப் போகிறார்கள். இறங்கி நடக்கும்போது ஒருவன் ஆழமான பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். கயிறு எட்டவில்லை. மூச்சுவிடக் கொண்டுபோன காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. கேப்டன் அவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவனோடு திரும்புகிறான். பள்ளத்தில் கிடப்பவனின் குரல் மட்டும் கடைசிவரை ரேடியோவில் வந்துகொண்டிருக்கும்.

"அவன் என்னா பேசுறான் பாய்?"

"கரகரன்னு கேக்குதுடா. ஒரு மண்ணும் வெளங்கல. நீயா ஏதாச்சும் போட்டுக்க. ஆனா கேப்டன் மேல சனங்களுக்குக் கோவம் வராத மாதிரி போடு. போன வாட்டி குளுவாங்கில, வில்லன் ஜெயிச்சுட்டான்னு கல்லால அடிச்சுத் துணியக் கிழிச்சுட்டானுங்க. எம் பொண்டாட்டி இனிமே தைக்க மாட்டேன்னு சொல்லிட்டா."

காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியை ஒட்டிய திடலில் இரண்டு நாள் காட்டுவதாக ஏற்பாடு. திடலைப் பார்த்துக்கொண்ட செட்டி மனிதர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். தமிழ் வராது. பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாக்காவிலேயே ஊன்றிவிட்ட செட்டிகள் அவர்கள்; எல்லோருக்கும் வீட்டுப் பேச்சு மலாய்தான், அதுவும் அவர்களுக்கே உரிய மலாய். அவர் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை, ஒவ்வொரு பேச்சையும் முன்னால் மலாயில் சொல்ல வேண்டும், பின்னால் தமிழில் என்பது. திடல் அவர்களுடையது. ஒப்புக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் சாப்பிட்டது திடலுக்கு எதிர்ச்சாரியில் இருந்த அக்கா கடையில். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஜப்பான்காரன் காலத்தில் அக்காவின் புருஷனைத் தண்டவாளம் போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது மகள் கைக்குழந்தை. அவரோடு போனவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். நான் பார்த்தபோது அவர் நகரசபைக் குப்பை லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்த அன்றே நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போய், "அவன் உசுரோடதாம்மா இருக்கான். நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்னு சொல்லி அனுப்பினான்" என்றாராம். அந்தச் சொல்லை நம்பி அக்கா பொட்டு வைத்துக்கொண்டிருந்தார், தாலியும் கழுத்தில் இருந்தது. கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றும்போது இதைச் சொல்லிவிடுவார். எனக்கும் சொன்னார்.

இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு உஜோங் பாசிரில். சம்பந்தியம்மாள் சுமங்கலியா இல்லையா என்று அவர்கள் கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் புருஷனுக்குக் கருமாதி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணத்தன்று முன்னால் வராமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றார்கள். அக்கா ஒரே பதில்தான் சொன்னார். "வர்றேன்னு சொன்ன ஆளுக்கு நான் எப்படிக் கருமாதி பண்ணுவேன்?" முடிவைக் கேட்க அவர்கள் அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது.

முதல் நாள் கூட்டம் நன்றாகவே வந்தது. கோயில் பக்கம் செட்டிகள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ரோட்டுப் பக்கம் நகரசபைத் தொழிலாளர் லயத்து ஆட்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தை இடவலம் மாற்றிப் பார்த்தார்கள். ராக்கெட் கிளம்பியபோது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. அது நிலாவில் இறங்கியதும் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கேப்டன் ஏணியில் இறங்கிப் பெரிய பூட்ஸ் காலை மண்ணில் வைத்தான். "செருப்பக் கழட்டுடா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளம் வந்தது. ஒருவன் விழுந்தான். கயிறு எட்டவில்லை. கேப்டன் ராக்கெட்டுக்குள் போய் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தான். கரகரப்பு கேட்டது. அதற்குள்ளே ஒரு மனிதக் குரல். திடல் முழுவதும் என் வாயைப் பார்த்தது. நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. மத்தியானம் சாம்பாரோடு காதில் விழுந்தது வாயில் வந்துவிட்டது.

"லூ பெர்கி டூலு. குவா பெலாக்காங் டாத்தாங்," என்று மலாயில் சொன்னேன். பிறகு தமிழில், "நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்."

செட்டிப் பெண்கள் அழுதார்கள். கேப்டன் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. கல் விழவில்லை. பாய் மெஷினுக்குப் பின்னாலிருந்து எனக்குத் தலையை ஆட்டினார். ரோட்டுப் பக்கம் ஒருவர் மட்டும் எழுந்து, ஆட்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியேறினார். லோரிக்காரர்.

மறுநாள் காலை அக்கா கடையில் கோப்பி ஆறும்வரை படத்தைப் பற்றித்தான் பேச்சு.

"நெலாவுல மனுசன் கால வைக்கலாமா? நாம வெரதம் இருந்து கும்புடுறோம், அவன் மிதிச்சுக்கிட்டு நடக்குறான்," என்றார் ஒரு ரிக்‌ஷாக்காரர்.

"நீங்க எப்ப வெரதம் இருந்தீங்க? முந்தாநாளு கள்ளுக்கடையில பாத்தேனே."

"அது வேற நாளுலா."

"எல்லாம் ஏமாத்து. போர்ட்டிக்சன் கடக்கரை மணலக் கொட்டி வெளக்குப் போட்டு எடுத்திருக்கான்."

"ரஷ்யாக்காரன் வானத்துல உருண்டை விட்டுட்டான், தெரியுமில்ல? நாளைக்கு மனுசனே போவான். அப்ப எங்க போயி மொகத்த வச்சுக்குவ?"

அதுவரை சிரிப்பாகத்தான் போயிற்று. கோடியில் மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவர் டவுனில் துணிக்கடையில் கணக்குப் பார்த்தவர். அந்தப் பக்கம் வந்தால் சம்பந்தி கடையில் கோப்பி குடிக்காமல் போகமாட்டார். எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு.

"மணலோ மண்ணோ, அத விடுங்க. அந்தக் கேப்டன் பயந்தாங்கொள்ளிலா. கூட வந்தவன விட்டுட்டு ஓடியாந்தான்."

"அவன்தான் போகச் சொன்னானே சார். மைக்குல கேக்கல?"

"நல்லாக் கேட்டேன். ஏய்யா, பள்ளத்துல கெடக்குறவன் எவனாச்சும் 'நீ போ'ன்னு சொல்வானா? நீ சொல்வியா? தொண்ட கிழியக் கத்த மாட்ட? அது கேப்டன் ஊருக்கு வந்து சொன்ன கதை. வராம போனவன் வாயில எத வேணாலும் வைக்கலாம், அவனா வந்து இல்லேங்கப் போறான்?"

இரண்டு பேர் அவர் சொன்னதுதான் சரி என்றார்கள். வேறு மூன்று பேர், கேப்டனும் அங்கேயே இருந்து எல்லோருமாகச் சாக வேண்டுமா என்று கேட்டார்கள். மேசையில் கை ஓங்கி விழுந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு அதைத் தேய்க்காமல் நின்றார். மாவு நடுவில் குவிந்து புகைந்தது. சித்தப்பாவுக்கும் அப்போதுதான் தாம் எந்தக் கடையில் உட்கார்ந்து என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். கோப்பியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சொன்னான்."

எல்லோரும் திரும்பினோம். வாசலில் லோரிக்காரர். வேலை உடுப்பில், காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

"யாருண்ணே?"

"அவன் சொன்னான். போகச் சொன்னான்."

"படத்துலதானே சொல்றீங்க?" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டார்.

லோரிக்காரர் கோப்பி கேட்காமலே திரும்பிப் போனார். வெளியில் லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

நான் கை கழுவப் பின்னால் போனபோது அக்காவும் வந்தார்.

"தம்பி, அந்தப் பள்ளத்துல கெடக்குற ஆளு நெசமா என்னா சொல்றான்?"

"தெரியாதுக்கா."

"நீதானே சொன்ன?"

"ஒன்னும் கேக்காதுக்கா, வெறும் கரகரப்பு. அது நானாப் போட்டது."

"ஏன் அதப் போட்ட?"

"கேப்டன் மேல யாருக்கும் கோவம் வரக்கூடாதுன்னு."

அக்கா என் கையிலிருந்த சொம்பை வாங்கி, காலியாக இருந்ததைக் கவனிக்காமல் தொட்டி ஓரத்தில் கவிழ்த்தார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"இன்னிக்கும் போடுறீங்களா?"

"ஆமாக்கா."

"நான் வர்றேன்."

பிற்பகல் வேனுக்குள் படுத்திருந்தேன். லோரிக்காரர் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கையருகில் ஜெனரேட்டர் முறுக்கும் இரும்பு கிடந்தது.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல. எனக்கா வாயில வந்துச்சு."

"அது எங்க மூனு பேரு பேச்சு. அவ கடையில சொல்றது வேற. அத எடுத்துக் குழாயில போட்டு ஊருக்கெல்லாம் வெளம்பிட்ட." கதவை விடவில்லை. "சரி, போட்டுட்ட. இன்னிக்கும் அதையே போடு. ஒரு எழுத்து மாத்தாத. மாத்தினா அந்தச் சித்தப்பன் சொன்னதுதான் நெசம்னு ஆயிரும்."

நான் தலையாட்டினேன். அவர் போனபின் பாயிடம் சொன்னேன். பாய் மெஷினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரீலையே தூக்கிருவோமா?"

"தூக்கினா ராக்கெட்டு ஏன் ரெண்டு பேரோட திரும்பி வருதுன்னு கேப்பானுங்க பாய்."

"அடிதடி ஆச்சுன்னா போலீசு லைசன்சப் பிடுங்கிரும். அப்புறம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்." துடைப்பதை நிறுத்தினார். "ஏன்டா, வேற பேச்சே கெடைக்கலையா ஒனக்கு?"

சாயங்காலம் துணி கட்டும்போது திடல்காரரும் வந்து, இன்றைக்குச் சண்டை கூடாது என்று எச்சரித்தார். அவர்கள் பக்கத்தில் சண்டையே இல்லை. பள்ளத்தில் கிடப்பவன் பிழைத்துவிடுவான் என்று செட்டிப் பெண்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். நிலாவிலும் ஆட்கள் இருப்பார்கள், தூக்கிவிடுவார்கள், அவன்தான் பின்னால் வருகிறேன் என்று சொன்னானே. அவன் திரும்பி வரும் படத்தை எப்போது கொண்டுவருவீர்கள் என்று அவர் கேட்டார். நான் பாயைக் கைகாட்டினேன்.

கூட்டம் முதல் நாளைவிட அதிகம். படத்தைப் பார்க்க வந்தவர்களைவிட என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் அதிகம். ரோட்டுப் பக்கம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் பாதைபோல இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் முகம் வந்ததும் ஒரு பாதி ஊளையிட்டது, மறுபாதி கை தட்டியது. ஒரு செருப்பு பறந்து துணியில் பட்டு விழுந்தது. "செருப்பு மட்டும்னா பரவால்ல," என்று பாய் முணுமுணுத்தார். ரீல் மாற்றும்போது தைலத்தைப் பற்றிப் பேசினேன். யாரும் கேட்கவில்லை. சித்தப்பா தம் ஆட்கள் நாலைந்து பேரோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். லோரிக்காரர் ஜெனரேட்டருக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். எப்போதும் அடிக்கும் சாராய வாடை அன்று இல்லை. குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

பள்ளம் வந்தது. கயிறு இறங்கியது, எட்டவில்லை. கேப்டன் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தான். கரகரப்பு தொடங்கியது. மைக்கைத் திறந்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து நடந்து வந்தார். மெஷின் வெளிச்சத்தைக் குறுக்கே கடந்தபோது அவர் நிழல் துணி முழுவதும் விழுந்து கேப்டனை மறைத்தது. "ஒக்காரு! ஒக்காரு!" என்று கத்தினார்கள். யார் என்று தெரிந்ததும் சத்தம் அடங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. லோரிக்காரருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, அவரு என்னா சொன்னாரு?"

மைக் என் கையில் திறந்தே இருந்தது. அக்காவின் குரல் குழாய் வழியாகத் திடல் முழுக்கப் போனது. மூடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

லோரிக்காரர் என்னைப் பார்த்தார். சித்தப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். ஸ்பீக்கரில் இங்கிலீஷ்க்காரன் கரகரப்புக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான்.

"ஒன்னும் சொல்லலம்மா."

அக்கா இன்னும் ஓரடி முன்னால் வந்தார்.

"காலரா வந்துருச்சு. ஆத்துக்கு அந்தாண்ட ஒரு கொட்டாயில கொண்டுபோயிப் போட்டுட்டானுங்க. எங்கள அடுத்த கெம்புக்கு நடத்திக்கிட்டுப் போனானுங்க. நான் ஓடிப்போயி அவன் பக்கத்துல நின்னேன். கண்ணு தொறந்திருந்துச்சு. வாய் அசைஞ்சுச்சு. தண்ணி கேட்டானா, உன் பேரச் சொன்னானா, தெரியலம்மா. மழை. ஜப்பான்காரன் கத்துறான். எனக்குக் கேக்கல. வந்துட்டேன்."

"அப்ப உசுரு இருந்துச்சு."

"இருந்துச்சு. விட்டுட்டுத்தான் வந்தேன்."

"பின்னால வர்றேன்னு சொன்னது?"

"நீ புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்ன. வேற என்னத்தச் சொல்லுவேன்?"

யாரும் ஊளையிடவில்லை, யாரும் கை தட்டவில்லை. ராக்கெட் கிளம்பியது. அதன் நெருப்பு அக்காவின் முதுகில் ஓடியது. கோயில் பக்கத்திலிருந்து ஒரு செட்டிப் பெண் என்னைப் பார்த்து, "அபா டியா சாக்காப்?", அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். அவர்களுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் தமிழ் முன்னாலும் மலாய் பின்னாலும் வந்தது. மைக்கில் சொன்னேன், அவன் ஒன்றும் சொல்லவில்லையாம். படத்தில் இருப்பவனா என்று அவள் கேட்டாள். அவனும்தான் என்றேன்.

அக்கா வந்த வழியே வீட்டுக்குப் போனார். லோரிக்காரர் படம் முடிந்து, துணியை அவிழ்த்து, மூங்கிலை வேனில் ஏற்றும்வரை அதே இடத்தில் நின்றார். மூங்கிலின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். அன்று தைலம் விற்கவில்லை.

வாரக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வேன் இன்னும் டவுனில்தான் நின்றது, நான் அக்கா கடையில் இருந்தேன். அக்கா உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"வர்றேன்னு அவரு சொல்லல. செத்துட்டாருன்னும் யாரும் சொல்லல. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல தட்டப் புடிச்சுக்கிட்டு நான்தான் நிப்பேன், இப்ப இருக்குற மாதிரியே. மறுநாளு கடக்கரைக்குப் போயி அவருக்குச் செய்ய வேண்டியதச் செய்வேன். யாரு சொல்லியும் இல்ல, நானாத்தான் செய்றேன். பிடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க."

மறுநாள் கருமாதி செய்யப் போகிறவள் முந்தின நாள் எப்படிக் குங்குமம் கொடுப்பாள் என்று சித்தப்பா ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரை முடிக்க விடவில்லை. "கொடுக்கட்டும். நான் பக்கத்துல நிக்குறேன்," என்றார். திரும்பிப் போகும்போது ரோட்டிலேயே அவர்களுக்குள் சண்டை. எதிர்ச்சாரியில் திடல் வரை கேட்டது.

கல்யாணத்துக்குப் பாய் ஜெனரேட்டரையும் குழாயையும் கொடுத்தார், அவற்றைப் பார்த்துக்கொள்ள என்னையும். கொட்டகை வாசலில் மைக்கோடு நின்றேன். அக்கா சந்தனமும் குங்குமமும் கல்கண்டும் வைத்த தட்டோடு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா சொன்னபடி பக்கத்தில் நின்றார். வந்தவர்களில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் யாரையோ தேடுவதுபோலக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே தட்டைத் தாண்டிப் போனார்கள். சித்தப்பா சமையல் பக்கமாக நுழைந்து உள்ளே போய்விட்டார். அக்கா எடுத்தவரையும் எடுக்காதவரையும் ஒரே மாதிரி "வாங்க" என்றார்.

லோரிக்காரர் கடைசியில் வந்தார். தட்டுக்கு முன்னால் நின்றார், கை எழவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எங்கே திரும்பிப் போய்விடுவாரோ என்று இருந்தது எனக்கு.

"எடுங்கண்ணே," என்றார் அக்கா.

அவர் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்கதான் கூட வரணும். அவரக் கடைசியாப் பாத்தது நீங்கதானே. இப்ப எடுங்க."

அவர் ஒரு விரலால் சந்தனத்தைத் தொட்டார். தொட்ட விரலை நெற்றிக்குக் கொண்டுபோக அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் அவர்கள் தெங்கேரா கடற்கரைக்குப் போனபோது நாங்கள் மூவாருக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே அந்தக் காட்சி வந்ததும் நான் மைக்கை மூடினேன். கரகரப்பு மட்டும் கேட்டது. கூட்டம் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது.

"டேய் மைக்கு, என்னாடா சொல்றான் அவன்?"

"எனக்குத் தெரியாது," என்றேன்.

முதல் கல் துணியின் ஓரத்தில் விழுந்தது. இரண்டாவது கல் கிழித்துவிட்டது. பாய் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று துணியை நான்தான் உட்கார்ந்து தைத்தேன்.